எஸ்ஓஎஸ் பொத்தான் பக்கத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

காரின் உட்கூரையில், படிக்கும் விளக்குக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மூடிக்குள், விபத்து நேர்ந்தால் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஒரு நாள் அது சிவப்பாக எரிந்தது. மறுநாளும் சிவப்புதான்.

இந்த வண்டியை அதிகம் ஓட்டுவது அப்பா. பெரும்பாலும் தனியாக, பல நாள் இரவில். "வண்டி நல்லாத்தானே ஓடுது? அந்த லைட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடற?" என்று கேட்டார். "மோதின அப்புறம் அது வேலை செய்யுமான்னு தெரியணும்ப்பா" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலில், கையில் இருந்த சாதாரண ஓபிடி ரீடரை, அதாவது வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவியை, மாட்டிப் பார்த்தேன். 'கோளாறு எதுவும் இல்லை' என்றது. அது எஞ்சின் கட்டுப்பாட்டு அலகோடு மட்டும் பேசுகிற கருவி. அவசர அழைப்பு அலகு தனி. அதோடு பேசத் தெரிந்த ஸ்கேன் கருவியைக் கடன் வாங்கி மாட்டியதும் இரண்டு கோளாறுகள் வரிசையாக வந்தன: பேக்கப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. செயற்கைக்கோள் ஆன்டெனாவின் இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எது முதலில் வந்ததோ, எத்தனை நாளாக இருந்ததோ!

கை வைப்பதற்கு முன் முழு அமைப்பையும் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். என் வண்டியில் இருப்பது இ-கால் என்கிற ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் அலகு. 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். வரைய வரைய ஒன்று புரிந்தது. இந்த அமைப்பின் ஒவ்வொரு துண்டும் ஒரே கேள்விக்கான பதில்: மோதி நொறுங்கிய வண்டியில் எது மிச்சம் இருக்கும்? முன்பக்கம் நசுங்கினால் எஞ்சின் அறையில் இருக்கும் பெரிய பேட்டரி போய்விடும், அதனால் தனிப் பேட்டரி. ஓட்டுநரின் கைபேசி எங்கே பறந்து விழுந்ததோ தெரியாது, அதனால் தனி சிம், தனி மைக். அவருக்கு நினைவு இல்லாமல் போகலாம், அதனால் இடத்தை வண்டியே சொல்கிறது.

மோதலை உணர்வது இந்த அலகு இல்லை, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் முடிவை எடுக்கும்போதே அது அவசர அழைப்பு அலகுக்கும் ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அலகு உடனே அவசர எண்ணை அழைக்கிறது. எதிர்முனையில் ஆள் பேசுவதற்கு முன், வண்டி ஒரு சின்னத் தகவல் பொட்டலத்தை அனுப்பிவிடும். அதிகபட்சம் 140 பைட். ஒரு எஸ்எம்எஸ் கொள்கிற அளவுதான். அதற்குள் என்னவெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது இதை யோசித்தவர்கள் மேல் மரியாதை வந்தது. நேரம், இடம், வண்டியின் அடையாள எண், எரிபொருள் பெட்ரோலா டீசலா மின்சாரமா, அழைப்பைத் தொடங்கியது சென்சாரா மனிதக் கையா, முடிந்தால் எத்தனை பேர் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதும். எரிபொருள் ஏன் என்றால், தீயணைப்புக்காரர்கள் மின்சார வண்டியை அணுகும் விதமே வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது திசை. வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதை 2 டிகிரி துல்லியத்தில் அனுப்புகிறது. நடுவில் தடுப்பு வைத்த நெடுஞ்சாலையில் இடம் மட்டும் தெரிந்தால் போதாது. ஆம்புலன்ஸ் தவறான பக்கத்தில் ஏறினால் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். கடைசி இரண்டு இடங்களையும் சேர்த்து அனுப்ப இடம் வைத்திருக்கிறார்கள், வந்த பாதை தெரிவதற்காக. இருக்கும் இடம் 150 மீட்டருக்குள் சரியாக இருக்கும் என்று அலகுக்கே நம்பிக்கை இல்லாவிட்டால், 'இந்த இடத்தை நம்ப வேண்டாம்' என்று ஒரு குறியும் போகும்.

இதை ஏன் இன்டர்நெட் வழியாக அனுப்பவில்லை என்று யோசித்தேன். காரணம் எளிது. டேட்டா சேவைக்கு சந்தா வேண்டும், நம் நிறுவனத்தின் டவர் வேண்டும். அவசரக் குரல் அழைப்பை மட்டும் எந்த நிறுவனத்தின் டவரும் ஏற்றுக்கொள்ளும், மற்ற அழைப்புகளுக்கு முன்னால் வழியும் விடும். ஆகவே அந்த 140 பைட்டையும் ஒலியாக மாற்றி, குரல் போகும் அதே பாதையில் அனுப்புகிறார்கள், பழைய ஃபேக்ஸ் மெஷின் கீச்சிடுகிற மாதிரி. சில நொடிகள் மைக்கும் ஸ்பீக்கரும் அடைபட்டிருக்கும். பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் குரல் திறந்துகொள்ளும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

வண்டியை அணைத்து, பெரிய பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். டாஷ்போர்டுக்குள் கை விட வேண்டிய வேலை. அங்கே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் உறை போட்ட கம்பிகள், மஞ்சள் கனெக்டர்கள் எதையும் தொடவில்லை. மல்டிமீட்டர் முனையை அவற்றின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. இதில் மட்டும் அவசரம் வேண்டவே வேண்டாம்.

அலகு டாஷ்போர்டின் நடுவில், ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருந்தது. எந்தப் பக்கம் மோதினாலும் கடைசியாக நசுங்குகிற இடம். நான்கு ஸ்குரூ, மூன்று கனெக்டர். ஓரத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் பேக்கப் பேட்டரி: மூன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைச் சேர்த்துக் கட்டிய 3.6 வோல்ட் பொதி. மூன்று கம்பிகள். சிவப்பும் கருப்பும் தெரிந்த கதை. மூன்றாவது, பொதியின் வெப்பத்தை அலகுக்குச் சொல்லும் தெர்மிஸ்டர்.

மல்டிமீட்டரை வைத்தேன். 3.7 வோல்ட்! பேட்டரி நன்றாக இருக்கிறதே, கோளாறு அலகில்தானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்டேஜை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. 10 ஓம் ரெசிஸ்டரை அதன் குறுக்கே வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 3.7 என்பது 3.0 ஆனது, 2.5 ஆனது, சில நொடிகளில் 2.1-ல் வந்து நின்றது. ரெசிஸ்டரை எடுத்ததும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி மேலே ஏறியது.

கணக்குப் போட்டால்: 2.1 வோல்ட்டில் 10 ஓம் வழியாக ஓடுவது 0.21 ஆம்பியர். அதற்கே 1.6 வோல்ட் உள்ளுக்குள் தொலைகிறது என்றால் பேட்டரியின் உள்தடை 7 ஓமுக்கு மேல். அலகுக்குள் இருந்து டவரோடு பேசும் ஜிஎஸ்எம் மோடம் தொடர்ச்சியாக மின்சாரம் இழுப்பதில்லை. நொடிக்கு 217 முறை, ஒவ்வொரு முறையும் அரை மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாக, குபீரென்று இழுக்கும். டவர் தூரத்தில் இருந்தால் அந்த உச்சம் 2 ஆம்பியர் வரை போகும். இந்தப் பேட்டரியால் அதில் கால்வாசிகூடக் கொடுக்க முடியாது. முதல் துடிப்பிலேயே வோல்டேஜ் சரிந்து மோடம் அணைந்துவிடும், மறுபடி எழும், மறுபடி அணையும். டவர் தூரத்தில் இருக்கும் சாலை, பெரிய பேட்டரி நசுங்கிய வண்டி. இந்தப் பொதி தேவைப்படுவதே அங்கேதான். அங்கேதான் அது கைவிட்டிருக்கும்.

தனி செல்களை வாங்கி நானே சாலிடர் செய்யலாமா என்ற ஆசை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். செல்லின் மேல் நேரடியாகச் சாலிடர் வைத்தால் சூட்டில் உள்ளே சீல் கெடும். அதோடு வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டுக்குள் வருடக்கணக்கில் கிடக்க, அதிக வெப்பம் தாங்கும் வகை செல்கள் தேவை. அதே எண் கொண்ட அசல் பொதியை வரவழைத்தேன். வந்ததும் அதே 10 ஓம் சோதனை: 3.9-லிருந்து 3.75, அதற்கு மேல் இறங்கவில்லை. உள்தடை அரை ஓமுக்கும் கீழே. மூன்றாவது கம்பியில் 10 கிலோ ஓம் சுமார், அறை வெப்பத்துக்குச் சரி. மாட்டினேன். பேட்டரிக் கோளாறு அழிந்தது. விளக்கு இன்னும் சிவப்பு.

ஆன்டெனா பாக்கி இருந்தது அல்லவா!

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிகமிக மெலிந்தது. கம்பியில் இறங்கி வரும் வழியிலேயே காணாமல் போய்விடும். அதனால் கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி நிற்கும் ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் தனிக் கம்பியில் போவதில்லை. நடுக்கம்பியும் அதைச் சுற்றி உலோக உறையும் உள்ள ஒரே கோஆக்சியல் கேபிளில் கீழிருந்து மேலே மின்சாரம் ஏறுகிறது, மேலிருந்து கீழே சிக்னல் இறங்குகிறது. எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை அலகு அளந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் போனால் ஆன்டெனா இருக்கிறது, ஒன்றும் போகாவிட்டால் அறுந்திருக்கிறது, அளவுக்கு மீறிப் போனால் ஷார்ட். ஸ்கேன் கருவி 'அறுந்திருக்கிறது' என்று சொன்னது இப்படித்தான்.

அலகின் பின்னால் நீல நிற ஃபாக்ரா கனெக்டர், கார் ஆன்டெனாக் கேபிள்களுக்கானது. இந்த வகை கனெக்டர்களில் நிறமே மொழி: நீலம் ஜிபிஎஸ்ஸுக்கு, அடர் சிவப்பு கைபேசி ஆன்டெனாவுக்கு. ஒன்றை மற்றொன்றின் துளையில் செருக முடியாதபடி உள்ளே வரிப்பள்ளங்களும் வேறு வேறு. பெரிய பேட்டரியை மறுபடி இணைத்து, அலகில் இருக்கும் துளையில் அளந்தேன்: நடு ஊசிக்கும் உறைக்கும் நடுவே 5 வோல்ட். அலகு தன் வேலையைச் செய்கிறது. அப்படியென்றால் கேபிளோ ஆன்டெனாவோ.

பின் இருக்கைப் பக்கம் உட்கூரைத் துணியின் கிளிப்களை பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொன்றாக விடுவித்து, ஒரு கை நுழையும் அளவுக்கு இறக்கினேன். டார்ச்சைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. துடுப்பின் அடியிலிருந்து வரும் குட்டிக் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு பூத்துப் போயிருந்தது. அடியில் இருந்த ரப்பர் கேஸ்கெட் இறுகி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. மழை நீர் சொட்டுச் சொட்டாக கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததில் களிம்பு போனது. கூடவே நடு ஊசியும் போனது. அரித்து நூலாக நின்றிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

கேபிளின் நீண்ட பாகத்தை அளந்தேன்: நடுக்கம்பி முனைக்கு முனை 1 ஓமுக்குக் கீழே, உறையோடு தொடர்பு இல்லை. நல்லது. குட்டிக் கேபிளின் அழுகிய முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் கிரிம்ப் செய்தேன், அதாவது நசுக்கி இறுக்கினேன். முதல் முறை நடு ஊசி கொஞ்சம் உள்ளே போய்விட்டது. பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. எதிர்முனையில் செருகினால் தொடவில்லை. வெட்டி, மறுபடி. இந்த வகைக் கனெக்டரில் நடு ஊசியை முதலில் கிரிம்ப் செய்து, 'க்ளிக்' என்று உட்காரும் வரை தள்ளிவிட்டு, அப்புறம்தான் உறையை இறுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கேபிள் வீண். மிச்சமாகக் கொஞ்சம் நீளம் விட்டிருந்ததால் பிழைத்தேன்.

உட்கூரையை மூடுவதற்கு முன் ஆன்டெனாவைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் ஒரு பழைய ஜிபிஎஸ் ரிசீவர் மாட்யூல் உண்டு. அதை லேப்டாப்பில் மாட்டி, ஆன்டெனாவை அதில் செருகினேன். அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது, இடம் கிடைத்தது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதையை நொடிக்கு 50 பிட் வேகத்தில் நிதானமாக ஒலிபரப்புகிறது; ஒரு முழுச் சுற்று 1500 பிட், 30 நொடி. எதுவுமே நினைவில் இல்லாமல் எழும் ரிசீவர் அதைக் கேட்டு முடித்தால்தான் கணக்குப் போட முடியும். அவசர அழைப்பு அலகு வண்டி ஓடும்போதெல்லாம் இடத்தைக் குறித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். மோதிய பிறகு அரை நிமிடம் உட்கார்ந்து தேட அதற்கு வாய்ப்பு இருக்காமல் போகலாம்.

திரையில் 11 செயற்கைக்கோள்கள். சிக்னல் வலு பெரும்பாலும் 40-க்கு மேல், ஒன்று 46 டெசிபல்-ஹெர்ட்ஸ். நல்ல ஆன்டெனா திறந்த வானத்தின் கீழ் இப்படித்தான் காட்ட வேண்டும். ஆனால் கிடைத்த எண்களை வரைபடத்தில் போட்டால் புள்ளி கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய் விழுந்தது. கிரிம்ப் சரியில்லையோ, சிக்னல் எங்காவது பட்டுத் திரும்பி வருகிறதோ என்று அரை மணி நேரம் கேபிளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேபிளில் ஒரு குறையும் இல்லை. ரிசீவர் தரும் எண் டிகிரியும் நிமிடமும் (டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) ஒட்டிய வடிவம். 4530.0000 என்று வந்தால் அது 45 டிகிரி 30 நிமிடம், அதாவது 45.5 டிகிரி. நான் அதை 45.30 என்று படித்திருக்கிறேன். 0.2 டிகிரி வித்தியாசம் என்றால் வடக்கு தெற்கில் 22 கிலோமீட்டர்! மனிதன் கண்ணால் படித்து, வாயால் சொல்லி, இன்னொருவர் எழுதிக்கொள்ளும் இடத்தில் இந்தப் பிழை எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. இ-கால் பொட்டலத்தில் இடத்தை ஒரே முழு எண்ணாக, ஆர்க் நொடியில் (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்குகளாக எண்ணி அனுப்புகிறார்கள். புள்ளியும் கிடையாது, நிமிடமும் கிடையாது. அப்படி ஒரு பங்கு நிலத்தில் சுமார் 3 சென்டிமீட்டர். அவ்வளவு துல்லியம் எந்தக் காருக்கும் கிடைக்காது; குழப்பத்துக்கு இடம் வைக்காததுதான் அதில் லாபம்.

புது கேஸ்கெட் வைத்து, துடுப்பின் போல்ட்டை அளவாக முறுக்கினேன். உள்ளே கனெக்டரைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிட்டு, கூரையில் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றினேன். பேப்பர் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் உட்கூரையை ஏற்றினேன். கோளாறை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், பச்சை.

பச்சை எரிந்தால் முடிந்தது என்று விட மனம் வரவில்லை. ஆனால் பொத்தானை அழுத்திச் சோதிக்கக் கூடாது. அந்தப் பக்கம் எடுப்பவர் உண்மையான விபத்துகளுக்காக உட்கார்ந்திருப்பவர். நம் சோதனைக்காக அவருடைய ஒரு நிமிடத்தை எடுத்தால், அந்த நிமிடம் வேறு யாருக்கோ வேண்டியதாக இருக்கலாம். என் வண்டியில் ஸ்கேன் கருவி வழியாக உள்சோதனை ஒன்றைத் தொடங்க முடிகிறது. அது யாரையும் அழைக்காது. விளக்குகளை மாற்றி மாற்றி எரிக்கும், ஸ்பீக்கரில் ஒரு ஒலி தரும், நாம் பேசுவதை மைக்கில் பதிந்து திரும்ப ஒலிக்கும். என் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகக் கேட்டது. உட்கூரையை ஏற்றும்போது மைக்கின் முன்னால் இருக்கும் சின்ன ஸ்பாஞ்ச் நகர்ந்து துளையை மூடியிருந்தது. சரி செய்ததும் தெளிவாகக் கேட்டது. சோதிக்காமல் விட்டிருந்தால் பச்சை விளக்கோடு ஊமை மைக்!

அப்பா ஒரு சந்தேகம் கேட்டார்: "அப்ப இது நாம எங்க போறோம்னு எப்பவும் பாத்துக்கிட்டே இருக்குமா?" நியாயமான கேள்வி. இ-காலுக்கு மட்டுமே ஆன சிம், தேவை வரும் வரை டவரில் பதிவே செய்துகொள்வதில்லை. வண்டி தன் இடத்தைத் தனக்குள் குறித்து, பழையதை அழித்துக்கொண்டே வருகிறது. மோதலோ பொத்தானோ எழுப்பினால்தான் வெளி உலகோடு பேசுகிறது. திருட்டுக்காகப் பொருத்தும் டிராக்கர் வேறு ரகம். அது சிம்மை எப்போதும் விழித்த நிலையில் வைத்து, குறித்த இடைவெளியில் இடத்தை ஒரு சர்வருக்கு அனுப்பும். சந்தா கட்டும் தனியார் உதவிச் சேவைகளிலும் இடம் நிறுவனத்திடம் போகலாம். என்ன போகிறது, யாரிடம் போகிறது என்று ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கையால் சரி செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. இந்த அலகுக்கு 2ஜி, 3ஜி மட்டுமே தெரியும். பல நாடுகளில் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். இது புதிதல்ல. 1996-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் அவசர உதவிச் சேவையான ஆன்ஸ்டார் தொடங்கியபோது அது அனலாக் கைபேசி வலையமைப்பில் ஓடியது. 2008-ல் அந்த வலையமைப்பு போனதும், டிஜிட்டலுக்கு மாற்ற முடியாத பழைய வண்டிகளில் பொத்தான் வெறும் பொத்தானாகிவிட்டது. 4ஜி வழியாகப் பேசும் புதிய இ-கால் இப்போது வந்துகொண்டிருக்கிறது, ஆனால் பழைய அலகுக்குள் அதை மென்பொருளாக ஏற்றிவிட முடியாது, மோடமே வேறு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள், தாங்கள் ஓட்டும் இடங்களில் 2ஜி எப்போது வரை இருக்கும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. டவர் ஒரு நாள் பேசாமல் போனால் பச்சை விளக்கு அதைச் சொல்லாது. தூங்கும் சிம்முக்கு அது தெரிய வழியில்லை.

பேட்டரிக் கதவின் உள்பக்கம் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டினேன். அதே சீட்டில் '3.75, 10 ஓம்' என்றும் எழுதினேன். அடுத்த முறை அளப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கட்டும்.

கடைசியாக ஸ்கேன் கருவியில் பெல்ட் நிலையைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். பொத்தானின் மூடியை எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் அழுத்துவது, தவறி அழுத்திவிட்டால் வைத்துவிடாமல் 'தவறுதலாகப் பட்டுவிட்டது' என்று எடுப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். திரையில் 0. பெல்ட்டை இழுத்து மாட்டினார்; 1 ஆனது. நான் பக்கத்தில் ஏறி மாட்டினேன். 2.

"சரி, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார்.